பாட்டியின் பெயர் என்ன?



உங்கள் தாயாரின் தாயாருக்குத் தாயார் ஒருவர் இருந்திருப்பார் அல்லவா? அவருடைய பெயர் என்ன? உடனே சொல்ல முடிந்தவர்கள் கை தூக்கலாம். பலருடைய கை பாதியிலேயே நின்றுவிடும் என்பது எங்களுக்குத் தெரியும். ஏனெனில் பதினோராம் வகுப்பில் வரலாறு படிக்கும் எங்களிடம் எங்கள் ஆசிரியை இதே கேள்வியைக் கேட்டபோது எங்கள் கைகளும் பாதியிலேதான் நின்றன.

அசோகர் ஆண்ட காலமும் ராஜராஜ சோழன் பெரிய கோயில் எழுப்பிய காலமும் நமக்கு மனப்பாடம். நம்மைப் பெற்றவர்களைப் பெற்றவர்களின் கதையோ நமக்குப் பாடமாக வந்ததில்லை. ஆதலால் இவ்வாண்டு எங்கள் செயல்திட்டமாகக் குடும்ப வரலாற்றை எடுத்துக் கொண்டோம். வீட்டுச் சுவரில் தொங்கும் பழைய படங்களையும், பெட்டிக்கடியில் கிடக்கும் பழைய தாள்களையும் துணையாகக் கொண்டு, பாட்டன் பாட்டியரிடம் கேட்டுக் கேட்டு எழுதினோம். அதில் கற்றவற்றைத் தங்கைமார்களாகிய உங்களுக்கும், பெற்றோர்களுக்கும் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதினான்கு கட்டங்கள்

முதலில் ஒரு தாளை எடுத்து, அடியில் உங்கள் பெயரை எழுதுங்கள். அதற்கு மேலே பெற்றோருக்கு இரண்டு கட்டங்கள், அவர்களைப் பெற்றவர்களுக்கு நான்கு கட்டங்கள், அதற்கும் மேலே கொள்ளுப்பாட்டன் கொள்ளுப்பாட்டியருக்கு எட்டுக் கட்டங்கள் போடுங்கள். ஆக 14 கட்டங்கள். இப்படியே இரட்டித்துக் கொண்டு போனால் பத்தாவது படியில் 1,024 கட்டங்கள் இருக்கும். அவ்வளவு தூரம் போக வேண்டாம். பதினான்கு போதும்.

எங்கள் வகுப்பில் முதல் நாளில் பதினான்கையும் நிரப்பியவர் எவருமில்லை. ஆனால் காலியாக நின்ற கட்டங்களைப் பார்த்தபோதுதான் ஓர் உண்மை புலப்பட்டது. ஆண்களின் கட்டங்களில் பெரும்பாலும் ஏதோ ஒரு பெயர் இருந்தது. பெண்களின் கட்டங்களிலோ "ஆச்சி", "அப்பத்தா", "அப்பாயி", "அம்மாச்சி" என்று எழுதியிருந்தது. இவையெல்லாம் உறவுகள், பெயர்கள் அல்ல. அந்தப் பாட்டியருக்கும் நம்மைப் போலவே தொட்டிலில் இட்ட பெயர் ஒன்று இருந்தது. அது எங்கே போயிற்று?

பெயர் எப்படி மறைந்தது?

பெயருக்கு நம் மொழி கொடுத்திருக்கும் இடம் பெரியது. பெயரன், பெயர்த்தி என்ற சொற்களே பேரன், பேத்தி என்று ஆயின. பாட்டனுடைய பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டியின் பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. தலைமுறை விட்டுத் தலைமுறை பெயரைக் காப்பாற்ற வேண்டும் என்று எண்ணிய முன்னோர்கள் உறவின் பெயரையே அப்படி அமைத்தார்கள்.

ஆனால் அதே வீடுகளில் வேறொரு வழக்கமும் இருந்தது. கணவரின் பெயரையும், மாமனார் மாமியாரின் பெயரையும் மருமகள் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. மாமியாரின் பெயரையே குழந்தைக்கு வைத்திருந்தால், பெற்ற தாய் அக்குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. "பாப்பா", "குட்டி", "ஆத்தா" என்று ஏதாவதொரு செல்லப் பெயரால் அழைப்பாள். நாளடைவில் செல்லப் பெயரே நிலைத்துவிட, இட்ட பெயர் மறைந்துவிடும்.

இனிஷியல் முறையும் இதற்குத் துணை போயிற்று. பிறந்த வீட்டில் ஒரு பெண்ணுக்குத் தந்தையின் பெயரெழுத்து. மணமானபின் பலருக்குக் கணவரின் பெயரெழுத்து. தாயின் பெயரெழுத்துக்கு இரண்டு இடத்திலும் வழியிருந்ததில்லை. இவ்வாறு ஒரு பெண் இன்னாருடைய மகளாக, இன்னாருடைய மனைவியாக, இன்னாருடைய தாயாக அறியப்பட்டு, கடைசியில் "இன்னார் வீட்டு ஆச்சி"யாகக் கண் மூடுகிறாள்.

மறைக்கல்வி வகுப்பில் எங்கள் சகோதரி எங்களை மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரத்தைக் கவனித்துப் படிக்கச் சொன்னார். ஆபிரகாமிலிருந்து தொடங்கும் அந்த நீண்ட பட்டியலில் தந்தையரின் பெயர்களே அடுக்கடுக்காக வருகின்றன. தாய்மார்களில் தாமார், இராகாபு, ரூத்து என்று மூவரின் பெயர் வருகிறது. இறுதியில் மரியாவின் பெயர் வருகிறது. இடையில் சாலமோனின் தாய் வருகிறார். ஆனால் அவர் பெயர் பத்சேபா என்று சொல்லப்படாமல், உரியாவின் மனைவி என்றே குறிக்கப்படுகிறார். இதற்கு மாறாக, தூய பவுல் திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் பாட்டி லோயி, தாய் யூனிக்கி என்ற இருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். பேரனுக்கு நம்பிக்கையைக் கொடுத்த பாட்டியின் பெயர், ஒரு கடிதத்தில் எழுதப்பட்ட காரணத்தால், ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளாக நிலைத்திருக்கிறது. எழுதி வைப்பதன் பயன் இதுதான்.

படம் வந்த கதை

இனிப் படங்களுக்கு வருவோம். 1839-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் தாகேர் என்பவர் கண்ட புகைப்பட முறை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் அக்கலை தமிழகத்துக்கும் வந்துவிட்டது. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்ட லின்னேயஸ் டிரைப் என்ற இராணுவ அதிகாரி, 1858-ல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய ஊர்களுக்குச் சென்று கோயில்களையும் அரண்மனைகளையும் படமெடுத்தார். மீனாட்சியம்மன் கோயிலின் தூண்களுக்குப் படம் கிடைத்துவிட்டது. அக்கோயில் வீதியில் பூ விற்ற பெண்ணின் குடும்பத்துக்குப் படம் கிடைக்க இன்னும் பல தலைமுறைகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

நம் பாட்டனார் காலத்தில் படம் எடுப்பது எளிய காரியமன்று. பக்கத்து டவுனிலுள்ள ஸ்டுடியோவுக்கு வண்டி கட்டிப் போக வேண்டும். அங்கே மாளிகையும் தோட்டமும் வரைந்த திரை ஒன்று பின்னால் தொங்கும். முக்காலியில் பூச்சாடி இருக்கும். அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று சொல்லி வைப்பதால் எல்லோரும் மூச்சை அடக்கிக் கொண்டு நிற்பார்கள். பழைய படங்களில் யாரும் சிரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். தவிர, படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்ற அச்சம் பெரியவர்களிடையே பரவலாக இருந்தது. அதனால் வாழ்நாள் முழுவதும் படமே எடுத்துக் கொள்ளாமல், இறந்தபின் நாற்காலியில் சாய்த்து வைத்து எடுத்த ஒரே படத்தோடு நின்றவர்களும் உண்டு.

பெண்கள் படமெடுத்துக் கொண்ட சந்தர்ப்பங்கள் இன்னும் சில. புதுநன்மை வாங்கிய அன்று வெள்ளை உடையில் மெழுகுவர்த்தியோடு ஒரு படம். பெரியவளானபோது பூ ஜடை தெரியும்படி பின்னால் நிலைக்கண்ணாடி வைத்து ஒரு படம். மணமானதும் கணவரோடு ஜோடிப் படம். பல பாட்டிமாரின் வாழ்க்கை இம்மூன்று படங்களுக்குள் அடங்கிவிடுகிறது.

பிறகு வீட்டிலேயே படமெடுக்கும் காலம் வந்தது. 1960-களிலும் 70-களிலும் ஆக்ஃபா கிளிக் III என்ற சிறிய கேமரா பல குடும்பங்களில் இருந்தது. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தாம். ஆதலால் ஒவ்வொரு படமும் யோசித்து எடுக்கப்பட்டது. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை, 1967 முதல் "இந்து" என்ற பெயரில் நம் நாட்டுப் பிலிமைத் தயாரித்தது. அத்தொழிற்சாலை இன்று மூடப்பட்டுவிட்டது. பழைய ஸ்டுடியோக்களும் ஒவ்வொன்றாக மறைந்து வருகின்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரித்தானிய நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் எஞ்சியிருந்த பழைய படங்களைத் தேடி மின்னணு வடிவில் காத்து வைத்திருக்கிறார்கள். அறிஞர்கள் படத்தைக் காப்பாற்றலாம். ஆனால் படத்தில் நிற்பவர் யார் என்று சொல்ல அந்த வீட்டார் ஒருவர்தாம் வேண்டும்.

படத்தைப் படிக்கும் முறை

ஒரு பழைய படத்தைக் கையில் எடுத்தால் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு வைத்துவிடாதீர்கள். பின்வருவனவற்றையும் கவனியுங்கள்.

முதலாவது, பின்புறத்தைப் பாருங்கள். ஸ்டுடியோவின் முத்திரை, ஊர்ப் பெயர், நெகட்டிவ் எண் ஆகியவை இருக்கக் கூடும். முன்புறத்தில் அடி ஓரத்தில் அழுத்திப் பதித்த எழுத்துகள் விரலால் தடவினால் தெரியும்.

இரண்டாவது, யார் உட்கார்ந்திருக்கிறார், யார் நிற்கிறார் என்று பாருங்கள். பெரும்பாலான படங்களில் மூத்தவர்களும் ஆண்களும் நாற்காலியில் இருப்பார்கள். அந்த வீட்டில் யாருக்கு என்ன இடம் என்பதைப் படம் சொல்லிவிடும்.

மூன்றாவது, பொருள்களைப் பாருங்கள். கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடக்கி வைத்திருப்பார் ஒருவர். மற்றொருவர் மடியில் டிரான்சிஸ்டர் ரேடியோ இருக்கும். அப்படியானால் அது பெரும்பாலும் 1960-களிலோ அதற்குப் பிறகோ எடுத்த படம். ஆனால் கோட்டும் குடையும் புத்தகமும் ஸ்டுடியோக்காரர் கொடுத்தவையாகவும் இருக்கலாம். ஆகவே தாத்தா கோட்டுப் போட்டிருப்பதைக் கண்டு அவர் பெரிய உத்தியோகத்தில் இருந்தார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வீட்டில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

சுவரில் இருந்த ஒரு படம்

கேட்காமல் விட்டிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதற்கு எங்கள் வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். ஊரும் பெயரும் வேண்டாம். அவை அந்தக் குடும்பத்தாருக்கு உரியவை.

ஒரு மாணவியின் வீட்டுக் கூடத்தில் மரச்சட்டமிட்ட பெரிய படம் ஒன்று உண்டு. தலைப்பாகையோடு நாற்காலியில் ஒருவர். அவருக்குப் பக்கத்தில் நாற்காலியின் கையைப் பிடித்தபடி ஓர் இளம் பெண். இருவருக்கும் நடுவில் சின்னப் பையன். கொள்ளுத்தாத்தாவும் கொள்ளுப்பாட்டியும் என்று அவ்வீட்டில் எல்லோரும் சொல்லி வந்தார்கள். செயல்திட்டத்துக்காக அந்த மாணவி படத்தைக் கழற்றி, எண்பது வயதைக் கடந்த தாத்தாவின் தமக்கையிடம் கொண்டு போய்க் காட்டினாள். அந்தப் பாட்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக் கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இது எங்க அம்மா இல்லம்மா. எங்க அப்பாவுக்கு மொதத் தாரம். ரெண்டாவது பிரசவத்துல புள்ளையோட போய்ச் சேந்துட்டாங்க. அந்தப் பையன்தான் உங்க பெரிய தாத்தா" என்றார்.

"அவங்க பேரு என்ன பாட்டி?" என்று கேட்டாள் மாணவி.

"பேரு தெரியாதும்மா. அப்பா முன்னால அந்தப் பேர யாரும் எடுக்க மாட்டோம். அம்மா மனசும் சங்கடப்படும்னு அப்படியே விட்டுட்டோம்" என்று பதில் வந்தது.

பெரிய தாத்தா சில ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். தம் தாயின் பெயரை அவர் பேரப் பிள்ளைகளிடம் சொன்னதில்லை, அவர்களும் கேட்டதில்லை. ஆனால் அவருடைய பழைய பள்ளிச் சான்றிதழ் ஒரு தகரப் பெட்டியில் இருந்தது. அதில் பிறந்த தேதி இருந்தது. அதை எடுத்துக் கொண்டு மாணவியும் அவள் தந்தையாரும் சொந்த ஊர்ப் பங்குத்தந்தையிடம் சென்றார்கள். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டியோ குறைத்தோ எழுதுவது வழக்கம். அதனால் சான்றிதழில் கண்ட ஆண்டில் பெயர் அகப்படவில்லை. முன்னும் பின்னும் தேடியபோது, ஓராண்டு முந்திய பக்கத்தில் அந்தப் பையனின் ஞானஸ்நானப் பதிவு கிடைத்தது. அதில் தாயின் பெயர் இருந்தது.

பிறகு வேலை எளிதாயிற்று. திருமணப் பதிவேட்டில் மணமகளின் சொந்தப் பங்கும் பெற்றோர் பெயரும் இருந்தன. அந்தப் பங்கில் அவருடைய ஞானஸ்நானப் பதிவும், அதன் ஓரத்தில் திருமணக் குறிப்பும் இருந்தன. இறப்புப் பதிவேட்டில் வயது இருந்தது. திருமணத்தன்று அவருக்கு வயது 16. இறந்தபோது 20. அதை எங்கள் தோழி வகுப்பில் படித்துக் காட்டியபோது யாரும் பேசவில்லை. பதினாறு எங்கள் வயது.

நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளன்று அக்குடும்பத்தார் பூசைக்கருத்தில் அந்தப் பெயரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். படத்தின் பின்புறத்தில் பெயர் எழுதப்பட்டது. கொள்ளுப்பாட்டியாகிய இரண்டாம் தாரத்துக்குப் படமே கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிய வந்தது. அவர் பெயரையும் அதே தாளில் எழுதி வைத்தார்கள். முதல் தாரத்தின் பிள்ளையைத் தம் பிள்ளைகளோடு வளர்த்து ஆளாக்கியவர் அவர்தாம்.

படம் இல்லாத வீடுகளில்

"எங்கள் வீட்டில் பழைய படமே இல்லையே" என்று வருந்த வேண்டாம். பலருடைய வீட்டிலும் இல்லை. படமெடுக்கக் காசு வேண்டும். காப்பாற்ற ஒழுகாத கூரை வேண்டும். 1942-ல் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களும், 1964 டிசம்பரில் தனுஷ்கோடிப் புயலில் சிக்கியவர்களும், அதே ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கை மலைநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் கையில் கொண்டு வர முடிந்தது எவ்வளவு? அவர்கள் வீட்டில் தாத்தாவின் ஒரே படம் ஒரு கடவுச்சீட்டில் ஒட்டியிருந்த படமாக இருக்கலாம். அதுவும் வரலாறுதான்.

படமில்லாவிடினும் பெயரைத் தேட வழிகள் உண்டு.

அவற்றுள் ஒன்று கோயில் பதிவேடு. 1563-ல் திரிதெந்தின் சங்கம் பங்குக் குருக்கள் திருமணப் பதிவேடு வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பிள்ளையின் பெயரோடு தாய், தந்தை, ஞானத்தாய், ஞானத்தந்தை ஆகியோரின் பெயர்களும் எழுதப்படுகின்றன. 1908-ல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டத்தின்படி, ஒருவருக்குத் திருமணம் ஆனதும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அச்செய்தியையும் குறிக்க வேண்டும். ஆதலால் வேற்றூரில் வாழ்க்கைப்பட்டுப் போன பெண்ணையும் அவள் பிறந்த ஊர்ப் பதிவேடு மறப்பதில்லை. பழைய பதிவுகள் இலத்தீனில் இருக்கலாம். "பெத்ருஸ்" என்றிருந்தால் வீட்டில் ராயப்பன். "பவுலுஸ்" என்றிருந்தால் சின்னப்பன். "யோவான்னெஸ்" என்றிருந்தால் அருளப்பன். பதிவேட்டை நாமாகப் புரட்டக் கூடாது. பங்குத்தந்தையிடம் முறையாகக் கேட்டுக் கொள்ள வேண்டும்.

மற்றொன்று பாத்திரம்! சீராக வந்த பித்தளைக் குடத்திலும், அண்டாவிலும், தூக்கிலும் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது பெரும்பாலும் பெண்ணின் பெயர். சில பாத்திரங்களில் தேதியும் இருக்கும். பரணில் கிடக்கும் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கினால் ஒரு கொள்ளுப்பாட்டியின் பெயர் வெளிவரக் கூடும். எங்கள் வகுப்பில் இருவருக்கு அப்படித்தான் கிடைத்தது.

இவை தவிர, நிலப் பத்திரம், பழைய ரேஷன் கார்டு, திருமண அழைப்பிதழ், ஜாதகக் குறிப்பு, கல்லறைக் கல் ஆகியவற்றையும் பாருங்கள். இந்து வீடுகளில் அமாவாசைத் தர்ப்பணம் செய்பவர்கள் மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்வதுண்டு. தாய், பாட்டி, கொள்ளுப்பாட்டி பெயர்களும் அதில் வரும். அவர்களிடமும் கேட்கலாம். பிறப்பு இறப்புப் பதிவை நாடெங்கும் ஒரே முறையில் கட்டாயமாக்கிய சட்டம் 1969-ல்தான் வந்தது. ஆகையால் அதற்கு முன் பிறந்த பாட்டிக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்றால் வியப்பதற்கில்லை.

ஆண்டைக் கண்டுபிடித்தல்

"நீங்கள் எந்த ஆண்டில் பிறந்தீர்கள்?" என்று கேட்டால் பெரியவர்கள் பலர் ஆங்கில ஆண்டைச் சொல்ல மாட்டார்கள். "தாது வருஷம்" என்பார்கள். தமிழ் ஆண்டுகள் அறுபதும் சுழன்று வருவதால், தாது என்பது 1876-லும், 1936-லும், 1996-லும் தொடங்கிய ஆண்டாகும். ஆள் யாரென்று பார்த்து நாம் கணக்குப் போட்டுக் கொள்ள வேண்டும்.

வேறு சிலர் ஊரறிந்த நிகழ்ச்சியைச் சொல்வார்கள். குண்டு விழும் என்று பட்டணம் காலியானது என்றால் 1942. நயா பைசா வந்தது என்றால் 1957. சீனச் சண்டை என்றால் 1962. அண்ணா இறந்தது என்றால் 1969 பிப்ரவரி. நாகப்பட்டினத்துப் பெரும்புயல் என்றால் 1977 நவம்பர். "அண்ணா செத்த மாசம் உங்கம்மாவுக்கு மூணாம் மாசம்" என்று ஒரு பாட்டி சொன்னால், அதிலிருந்து பிறந்த மாதத்தையே கண்டுபிடித்துவிடலாம்.

கேட்கும் முறை

கேள்வித்தாளை நீட்டிப் பெரியவர்களை வினவக் கூடாது. அது போலீஸ் விசாரணையாகிவிடும். ஒரு படத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும், அவர்களே பேசுவார்கள். கீரை ஆயும்போதும், பூத் தொடுக்கும்போதும் கேட்பது இன்னும் நல்லது. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே எழுதிக் கொள்ளுங்கள்.

சில கேள்விகளுக்குப் பதில் வராது. வறுமை, கடன், பிள்ளை இழப்பு, உறவில் பிளவு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஆறாத புண் ஒன்று இருக்கும். பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொண்டால் பேச்சை மாற்றிவிடுங்கள். சொல்லாமலிருக்க அவர்களுக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். குடும்ப வரலாறு எழுதுவது குலப்பெருமை பேசுவதற்காக அன்று. எங்கள் முன்னோர் ஜமீன், உங்கள் முன்னோர் கூலி என்று அளந்து பார்ப்பவர்களுக்கு இவ்வேலை ஆகாது. களை எடுத்த கையும் கல் சுமந்த தலையும் நம்மைப் பள்ளிக்கு அனுப்பியிருக்கின்றன. கைநாட்டு வைத்த பாட்டியின் பேத்தி இன்று கட்டுரை எழுதுகிறாள். அந்த நன்றிதான் இதில் முக்கியம்.

படங்களைக் காத்தல்

கறுப்பு வெள்ளைப் படத்தின் உருவம் வெள்ளியால் ஆனது. நன்றாக வைத்திருந்தால் நெடுங்காலம் நிற்கும். 1970-80-களின் வண்ணப் படங்கள் சாயத்தால் ஆனவை. அவை சிவந்தும் வெளிறியும் போகின்றன. ஆகவே வண்ணப் படங்களையே முதலில் பிரதி எடுத்து வையுங்கள்.

ஈரமும் வெயிலும் புகையும் படத்துக்குப் பகை. சட்டத்தின் பின்பக்கம் கரையான் ஏறியிருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். படம் கண்ணாடியோடு ஒட்டிக் கொண்டிருந்தால் பிய்க்காதீர்கள். முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு சேர்த்துப் பிரதி எடுத்துக் கொள்ளுங்கள். கோந்து, செல்லோடேப், லாமினேஷன் மூன்றும் வேண்டாம்.

பின்புறத்தில் எழுதும்போது பால்பாயிண்ட் பேனாவைத் தொடாதீர்கள். அதன் அழுத்தம் முன்புறம் தெரியும், மையும் பரவும். மிருதுவான பென்சிலால், ஓரத்தில், மெதுவாக எழுதுங்கள். பென்சில் பிடிக்காத வழவழப்பான படமானால் தனித்தாளில் எழுதி உடன் வையுங்கள்.

இன்று கைபேசியில் நாளொன்றுக்கு எத்தனையோ படங்கள் எடுக்கிறோம். கைபேசி கெட்டாலோ தொலைந்தாலோ அத்தனையும் போய்விடும். பழைய படத்தைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல் எடுத்து, பெயரோடு இரண்டு வேறு இடங்களில் சேமியுங்கள். சிலவற்றையாவது அச்சிட்டு வையுங்கள். நாம் எடுக்கும் படங்களிலும் நாளை பெயர் தெரியாதவர்கள் ஆகப்போகிறவர்கள் நாம்தாம்.

இந்த விடுமுறைக்கு ஒரு வேலை

திருத்தந்தை பிரான்சிஸ் 2021-ல் தாத்தா பாட்டியர் மற்றும் முதியோருக்கென்று உலக நாள் ஒன்றை ஏற்படுத்தினார். புனித சுவக்கின், அன்னம்மாள் திருநாளாகிய ஜூலை 26-ஐ ஒட்டி, ஜூலை மாதத்தின் நான்காம் ஞாயிறன்று அது கொண்டாடப்படுகிறது. இயேசுவின் பாட்டன் பாட்டியான அவ்விருவரின் பெயர்கள் நற்செய்தி நூல்களில் இல்லை. பழைய மரபின் வழியாகவே நமக்கு வந்து சேர்ந்தன. யாரோ சிலர் மறவாமல் சொல்லி வைத்ததால்தான் இன்று அன்னம்மாள் என்று எத்தனையோ பேத்திகளுக்குப் பெயர் இருக்கிறது.

தோழியரே, இந்த விடுமுறையில் நான்கு காரியங்கள் செய்யுங்கள். பதினான்கு கட்டங்களை வரையுங்கள். வீட்டிலுள்ள மிகப் பழைய படத்தை, வீட்டிலுள்ள மிக மூத்தவரிடம் கொண்டு போங்கள். அவர் சொல்லும் பெயர்களைப் பென்சிலால் எழுதுங்கள். பாட்டியிடம், "உங்களுக்கு உங்க அம்மா வச்ச பேரு என்ன? சின்ன வயசுல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியை யாரும் கேட்டு வெகுகாலம் ஆகியிருக்கும். பதில் சொல்லும்போது அவர் முகத்தைப் பாருங்கள்.

பள்ளி திறந்ததும் உங்கள் தாள்களை எங்களிடம் காட்டுங்கள். நிரம்பாத கட்டங்கள் இருந்தால் பரவாயில்லை. எங்கள் தாள்களிலும் சில இன்னும் காலியாகத்தான் இருக்கின்றன. பரணில் துலக்காத பாத்திரங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன.